தொள்ளாயிரத்துப் பதினாலாம் லெவல்

ஜூன் 10

இன்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், நான் இல்லாமல். விருதுநகரில் முப்பத்து மூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, முதல் மணி அடிக்கிற நேரத்தில் சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியில் கலர் மணிகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

இந்த நாட்குறிப்பை ஆரம்பிக்க வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வண்ணமணி விளையாட்டில் 914-ஆம் லெவலில் நான்கு நாளாகச் சிக்கிக்கொண்டு கிடக்கிறேன். எந்தக் கணக்கையும் படிப்படியாக எழுதிப் போட்டால் விடை வந்துவிடும் என்று எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். நானே எழுதிப் பார்க்க வேண்டியதுதான்.

ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். ஆறு நிறத்தில் மணிகள். பக்கத்துப் பக்கத்து மணிகளை இடம் மாற்றி ஒரே நிறத்தில் மூன்று சேர்த்தால் உடையும். நான்கு சேர்ந்தால் ஓர் அம்பு கிடைக்கும். அது ஒரு வரிசையையே துடைத்துவிடும். ஐந்து சேர்ந்தால் இடி. ஒரு நிறம் முழுவதையும் காலி செய்யும். நடுவில் பாசி படர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலிலும் பாசியை ஒரு கட்டமாவது உடைக்காவிட்டால் அது இன்னொரு கட்டத்துக்குப் பரவும். அடியில் இரண்டு வரிசைக்குப் பூட்டு. இருபத்து நான்கு நகர்த்தலுக்குள் பாசி மொத்தமும் போயாக வேண்டும்.

இன்று ஆடியது பதினொரு ஆட்டம். பதினொன்றும் தோல்வி.

ஐந்து உயிர்தான் கையில் இருக்கும். தீர்ந்துபோனால் அரை மணி நேரத்துக்கு ஒன்று ஊறும். இல்லையென்றால் கூட ஆடுகிறவர்கள் யாராவது அனுப்ப வேண்டும். எனக்கு அனுப்புகிற ஆள் ஒருத்திதான். என் தங்கை இந்திராணி, திண்டுக்கல்லில் இருக்கிறாள். எட்டு மாதமாக அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. உயிர் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு வந்துவிடும். பதிலுக்கு நானும் ஒன்று அனுப்புவேன். அது பேச்சாகாது.

ஜூன் 11

இந்திராணியும் 914-இல்தான் நிற்கிறாள். விளையாட்டில் பாதை மாதிரி ஒரு படம் வரும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவரவர் முகம் வட்டத்துக்குள் தெரியும். என் வட்டமும் அவள் வட்டமும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவளும் மாட்டிக்கொண்டாள் என்று பார்த்ததும் எனக்குப் பாதி எரிச்சல் அடங்கிவிட்டது.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 13

நேற்றும் உயிர் வரவில்லை. இன்றும் வரவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். எட்டு மாதமாக அனுப்பிக்கொண்டிருந்தவள், இரண்டு பேரும் ஒரே லெவலில் நிற்கும்போது பார்த்து நிறுத்துகிறாள். அக்கா தன்னை முந்திவிடக் கூடாது. சின்ன வயதிலேயே அவளுக்கு இந்தக் குணம் உண்டு.

நானும் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 14

வீட்டுக்காரர் காலையிலேயே குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக ஒன்பது மணிக்கு முன்னால் குளித்ததே இல்லை.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மதுரைக்கு. ரிட்டையர்டு ஆளுகளுக்கு ஒரு மீட்டிங். சாயங்காலம் ஆயிரும்."

"காலை பலகாரம்?"

"வழியில பாத்துக்கிறேன்."

நேற்று சாயங்காலம் இந்திராணியின் மகள் ஷர்மிளா அவரை போனில் கூப்பிட்டிருந்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் அந்த வீட்டுப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

ஆட்டம் ஒன்பது. ஒரு தடவை பாசி நான்கு கட்டம் மட்டும் மிச்சம்.

ஜூன் 16

மதுரைக்குப் போனவர் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வந்திருக்கிறார். திண்டுக்கல் பக்கத்துப் பழம். மதுரையிலும் கிடைக்கும்தான். பாதி கன்றிப்போய்க் கிடக்கிறது. இந்த மனிதருக்குப் பழம் பார்த்து வாங்கவே தெரியாது.

யூடியூபில் ஒரு பையன் 914-ஐ ஆறே நிமிஷத்தில் முடித்துக் காட்டுகிறான். அவன் செய்த மாதிரியே செய்தேன். அவனுக்கு விழுகிற மணி எனக்கு விழவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மணிகள் வேறு வேறாக வரும்போது அவனைப் பார்த்து ஆடி என்ன பிரயோஜனம்? விடையை மட்டும் பார்த்து எழுதுகிற பிள்ளைகளை நான் இதற்குத்தான் முட்டி போட வைத்தேன்.

ஜூன் 18

எதற்காகப் பேச்சு நின்றது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாராவது படித்தால் நியாயம் யார் பக்கம் என்று தெரியட்டும்.

போன அக்டோபரில் ஷர்மிளாவுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. 'தங்கள் நல்வரவை எதிர்நோக்கும்' என்று போட்டு, கீழே பெண் வீட்டு ஆட்களின் பெயர் வரிசை. முதல் பெயர் இந்திராணியின் கொழுந்தன். அதற்கும் கீழே அவருடைய மச்சினன். அதற்குக் கீழே, மூன்றாவது வரியில், இன்னொருவரோடு சேர்த்து என் வீட்டுக்காரர், தனுஷ்கோடி. பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே! அதுவும் இன்னொருவரோடு ஒட்டி!

போனில் கேட்டேன். "அச்சகத்துல மாத்திப் போட்டுட்டான்க்கா, நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள். புரூஃப் பார்த்து கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டேன்.

கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டியதும் அட்சதையைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்காரர், "எனக்கே கோவமில்ல, உனக்கு என்ன?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். அவர் மரியாதைக்காகத்தான் நான் பட்டினியாக வந்தேன் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

மறுநாள் இந்திராணி ஷர்மிளாவிடம் சொல்லி அனுப்பினாள். 'எம்மக கல்யாணத்துல கை நனைக்காமப் போனவளுக்கு நானா போன் பண்ண மாட்டேன். அவளா வரட்டும்.'

நானாவது, போவதாவது.

ஜூன் 21

ஆட்டம் எட்டு. எட்டும் தோல்வி. மிக்ஸி ஜார் வாஷர் போய்விட்டது. வீட்டுக்காரர் மறுபடியும் 'மீட்டிங்'. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மீட்டிங்குக்கு எதற்கு பிளாஸ்க்?

தன் சர்க்கரை நோய்க்குத் தெரியாமல் எங்கேயோ பாயாசம் குடிக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 24

ஓர் உண்மை கண்டுபிடித்தேன். இத்தனை நாளும் நான் ஆடியது தப்பு.

பாசியைக் கண்டால் பாசியையே உடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு எதிரே பரவுகிறதே என்ற ஆத்திரம். அப்படி உடைத்தால் கடைசியில் மூலையில் இரண்டு மூன்று கட்டம் தப்பிவிடுகிறது. அதற்குப் பதிலாக அடியில் உள்ள பூட்டுகளை முதலில் திறக்க வேண்டும். அடியில் உடைத்தால் மேலே இருக்கிற மணி எல்லாம் சரிந்து விழும். விழுகிற வேகத்தில் தானாகவே மூன்று மூன்றாகச் சேர்ந்து உடையும். அதற்கு நகர்த்தல் செலவாகாது. அதுவரைக்கும் பாசி பரவத்தான் செய்யும். பரவட்டும் என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

தெரிந்துகொண்டேனே தவிர, பொறுக்க முடியவில்லை. ஐந்தாவது நகர்த்தலிலேயே கை பாசிக்குப் போய்விடுகிறது. ஆட்டம் பதின்மூன்று. கைப்பேசியைச் சோபாவில் எறிந்தேன். தரையில் எறியவில்லை, அந்த அளவுக்கு நிதானம் இருந்தது.

ஜூன் 27

இந்திராணியின் வட்டம் 914-ஐ விட்டு அசையவே இல்லை. சும்மாதான் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கண்ணில் படுகிறது.

அவளால் இத்தனை நாள் ஒரே லெவலில் நிற்க முடியாது. என்னைவிட அவளுக்குக் கை வேகம். 600-லிருந்து 700 வரைக்கும் ஒரு மாதத்தில் போனவள். ஆட்டத்தையே விட்டுவிட்டாளோ என்னவோ. பேரன் பேத்தி வரப்போகிறதோ. வந்தால் எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

ஜூன் 29

உயிர் தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, 'நண்பர்களிடம் கேளுங்கள்' என்ற பொத்தானில் விரல் பட்டுவிட்டது. இந்திராணிக்குத்தான் போயிருக்கும். விரல் தவறித்தான் பட்டது.

ஜூலை 1

அவளிடமிருந்து ஓர் உயிர் வந்தது. ஒன்றே ஒன்று. காலை ஆறு மணிக்கு இல்லை, மத்தியானம் மூன்றேகாலுக்கு.

எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதுவாக இருக்கலாம். அந்த உயிரை உடனே செலவழிக்கவில்லை. பிறகு ஆடினேன், தோற்றேன்.

ஜூலை 2

இன்று நான் நான்கு அனுப்பினேன். பதில் இல்லை. ஒன்று அனுப்பிவிட்டு மறுபடியும் வீறாப்பு. அவளைத் திருத்த முடியாது.

ஜூலை 8

புதிதாக ஒன்று. அம்பு கிடைத்ததும் அடிக்கக் கூடாது. இடி கிடைத்ததும் அடிக்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து, ஒன்றை ஒன்றோடு இடம் மாற்றினால், ஒரு நிறத்து மணி எல்லாமே அம்பாகிப் பாய்கிறது. பலகையில் பாதி காலி! அதற்காகக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு எட்டு திண்டுக்கல் போயிட்டு வாயேன்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"கூப்புட்டாகளா?"

அவர் ரசம் கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். கூப்பிடாத வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும்?

ஜூலை 13

ஆட்டம் ஏழு. ஒரே ஒரு கட்டம் பாசி. ஒன்றே ஒன்று! வலது மூலையில். நகர்த்தல் தீர்ந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் முப்பத்து நான்கு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் முகமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

ஜூலை 18

தாண்டிவிட்டேன்.

மத்தியானம் இரண்டு நாற்பது. மூன்று நகர்த்தல் மிச்சம் வைத்துத் தாண்டினேன். அடிப் பூட்டுகளை ஒன்பது நகர்த்தலில் திறந்தேன். பாசி பாதிப் பலகைக்குப் பரவியும் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டாவதில் இடி, பதினேழாவதில் அம்பு. இரண்டையும் சேர்த்து இருபத்தொன்றாவதில் மாற்றினேன். நீல மணி அத்தனையும் அம்பாகிப் பறந்தன. பாசி ஒரு பொட்டு இல்லை.

நாற்பத்து இரண்டு நாள்! வாய்விட்டுக் கத்தினேன். வீட்டில் யாரும் இல்லை.

என் வட்டம் 915-க்கு நகர்ந்தது. இந்திராணியின் வட்டம் தனியாக 914-இல் நின்றது. 'இந்திராணியை முந்திவிட்டீர்கள்! அவருக்குத் தெரிவிக்கலாமா?' என்று கேட்டது. தெரிவி என்று அழுத்தினேன். ஒன்பது மாதத்தில் அவளுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஜூலை 19

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் வீட்டுக்காரர் மாடியில் போன் பேசிவிட்டு இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது கிடையாது.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா சௌந்தரம்? அந்தப் புள்ள கையி காலு வெளங்காமப் படுத்துக் கெடக்கா. நீ தாண்டிட்டேன் தாண்டிட்டேன்னு அனுப்பிக்கிட்டு இருக்க!"

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலை இந்திராணிக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழறி, பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். தினமும் ஒரு பெண் வந்து கை கால் பயிற்சி கொடுக்கிறாள். இவர் ஆறு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பிளாஸ்க்கில் போனது கஞ்சி.

"ஏங்க எங்கிட்டச் சொல்லல? எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் யாரு அவளுக்கு?"

"அவதான் சொல்லக் கூடாதுன்னுட்டா. எடது கையால தட்டித் தட்டி, ஷர்மிளா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. சொன்னா நோயைப் பாக்க வருவா, என்னையப் பாக்க வரமாட்டா. அவளா வரட்டும்னா. நானும் எத்தன தடவ போ போன்னு சொன்னேன், போனியா?"

ஒரு தடவைதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு தடவை போதாதா?

ஜூலை 1-ஆம் தேதி உயிர் வந்ததைப் பற்றிக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷர்மிளா கையில் இருந்த போனில் என் பெயர் வந்ததும், இந்திராணி அதையே காட்டிக் காட்டி அழுதிருக்கிறாள். என்ன வேண்டும் என்று புரியாமல் இரண்டு நாள் அல்லாடிவிட்டு, ஷர்மிளாதான் கடைசியில் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

நான் அவள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவே இல்லை என்று எழுதியும் வைத்தேன். கணக்கு டீச்சர்!

ஜூலை 20

திண்டுக்கல். வீட்டுக்காரரோடு பஸ்ஸில் வந்தேன்.

இந்திராணியைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. என்னை விட்டுவிட்டு, பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஆரு... தொன்னா?"

"யாரும் சொல்லலடி. நானாத்தான் வந்தேன்."

வாயில் அப்படித்தான் வந்தது. வீட்டுக்காரர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அந்த ஆட்டலைப் பார்க்க முடியாமல் நான் குனிந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன்.

மத்தியானம் ஷர்மிளா, "பெரியம்மா, சாப்புடுறீங்களா?" என்று பயந்து பயந்து கேட்டாள். சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்திராணி நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரரை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 22

காலையில் பயிற்சி. வலது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுகிறார்கள். ஒரு விரலுக்கு இருபது தடவை. இருபதில் ஒன்றுகூட அவளாக மடக்க முடியவில்லை. அவளுக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே! இடது கையால் அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்ன சொல்வது? நாற்பத்து இரண்டு நாள் மணி உடையவில்லை என்று ஆத்திரப்பட்டவள் நான்.

ஜூலை 23

பயிற்சி முடிந்ததும் இந்திராணி மேஜை மேல் இருந்த தன் போனைக் காட்டினாள். திறந்து கொடுத்தேன். வண்ணமணியைக் காட்டினாள். 914 திறந்தது. உயிர் ஐந்தும் முழுசாக இருந்தன. இடது கையால் மணியை இழுக்க வரவில்லை. வழுக்கி வேறு பக்கம் போனது. போனை என் கையில் தள்ளினாள். அவள் காட்ட, நான் நகர்த்த வேண்டும் என்று ஏற்பாடு.

அவள் பாசியைக் காட்டினாள். பாசியை உடைத்தேன். மறுபடியும் பாசி. உடைத்தேன். அம்பு கிடைத்ததும் அடி என்றாள். அடித்தேன். இடி வந்தது. பக்கத்திலேயே நான்கு மஞ்சள், ஒரு நகர்த்தலில் அம்பு கிடைத்திருக்கும்; இரண்டையும் சேர்த்தால் முடிந்தது கதை. அவள் இடியைத் தனியாக அடிக்கச் சொல்லிக் காட்டினாள். வாயைத் திறக்கவில்லை. அவள் காட்டியபடியே அடித்தேன்.

இருபத்து நான்கும் தீர்ந்தது. பாசி ஆறு கட்டம் மிச்சம். தோற்றுவிட்டோம்.

திரையில் பாதை வந்தது. 915-இல் என் முகம். அவள் அதை இடது கை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீ... தாண்டித்தேல்ல? உனக்குத் தெரியும்ல. ஏன் தொல்லல?"

நான் அவளைக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்த கேள்வி அது. அதை அவள் என்னைக் கேட்டுவிட்டாள்.

"நீ கேக்கலையே" என்றேன்.

"இனிமே தொல்லு."

சரி என்றேன். போனை மடியில் வைத்தேன். அதையும் சொல்லிவிட்டேன்.

"நானா வரலடி இந்திரா. அவரு சொல்லித்தான் வந்தேன்."

அவளுடைய கோணிய வாய் இன்னும் கோணியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"தெரியும்" என்றாள். "போதும். அடுத்த ஆத்தம்."